1989இல் 2,500, 2023இலும் 2,500: நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

நிதியமைச்சையும் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மேதகு ஜனாதிபதி அவர்களுக்கும், திறைசேரி அதிகாரிகளுக்கும், நலன்புரி நன்மைகள் சபையினருக்கும்,

வணக்கம்.

1989இல் ரணசிங்க பிரேமதாச அவர்களின் அரசாங்கம் ஜனசவிய திட்டத்தைத் தொடங்கியபோது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா என்று நிர்ணயித்தது. அதில் 1,458 ரூபா சாப்பாட்டுச் செலவுக்கு, மீதி சேமிப்புக்கு. 34 வருடங்கள் போயின. 2023 ஜூலையில் நலன்புரி நன்மைகள் சபையின் அஸ்வெசும என்ற நிவாரணத் திட்டம் வந்தது. நான்கு பிரிவுகளில் முதலாவதான நிலைமாறும் பிரிவினருக்கு எவ்வளவு என்று பார்த்தால், மாதம் 2,500 ரூபா!

இரண்டும் வெவ்வேறு திட்டங்கள், பிரிவுகளும் வேறு, ஒப்பிடக் கூடாது என்று உங்கள் அதிகாரி ஒருவர் எழுந்து சொல்லலாம். சரி, மிக வறியோர் என்று நீங்களே வகுத்த பிரிவையே எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு 2023இல் 15,000 ரூபா. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது 50 டொலருக்கும் குறைவு. 1989இல் 2,500 ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ 70 டொலர். மூன்று தசாப்தங்களில் நாடு நடுத்தர வருமான நாடாகிவிட்டது என்று பெருமை பேசினோம். அதே காலத்தில் மிக வறிய குடும்பத்துக்கு நாம் ஒதுக்கிய பணத்தின் கனம் இப்படிக் குறைந்திருக்கிறது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அஸ்வெசும தொகையை விலைவாசிச் சுட்டெண்ணோடு இணைத்து, அந்த இணைப்பைச் சட்டத்தில் எழுதுங்கள். வருடா வருடம் வரவு செலவுத் திட்ட உரையில் யாரும் கைதட்டிக் கொடுக்கும் உயர்வு எங்களுக்கு வேண்டாம். விலை ஏறினால் தொகையும் தானாக ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இதில் புதுமை ஏதும் இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று இந்த நாடு அறிவித்தது முதல், கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும் ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோலுக்கும் டீசலுக்கும் விலைச் சூத்திரம் இருக்கிறது. மாத முடிவில் நள்ளிரவு மணி அடித்தால் புதிய விலை. மின்சாரத்துக்குச் செலவை ஈடுசெய்யும் கட்டண முறை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் கூடியது அந்தத் தத்துவத்தின் பெயரில்தான். 2025 ஜனவரியில் குறைத்தீர்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினீர்கள், அதுவும் அதே தத்துவம்தான். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் தாவியபோது, உண்மையான செலவை மக்கள் செலுத்தியாக வேண்டும் என்றார்கள்.

வெளிநாட்டுக் கடன்கொடுத்தோருக்கும் சூத்திரம் உண்டு. 2024 டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான சர்வதேச முறிகளை (கடன் பத்திரங்களை) மாற்றியபோது, அவற்றின் பெரும்பகுதியைப் பொருளாதார வளர்ச்சியோடு இணைத்தீர்கள். 2025 முதல் 2027 வரையிலான மொத்த உள்நாட்டு உற்பத்தி குறித்த மட்டத்தைத் தாண்டினால் அவர்களுக்குக் கூடுதல் கொடுப்பனவு, தாழ்ந்தால் குறைவு. நாடு நன்றாக இருந்தால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று நியூயோர்க்கிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. நுவரெலியாவிலும் மொனராகலையிலும் இருப்பவருக்காக அப்படி எழுதிக் கேட்க வழக்கறிஞர் குழு ஏதும் இருக்கவில்லை.

சர்வதேச நாணய நிதியத்தைச் சாட்டிவிட்டு இதிலிருந்து நழுவ முடியாது. 2023 மார்ச்சில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்திலேயே சமூகச் செலவினம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று ஓர் அடிமட்ட இலக்கு இருக்கிறது. மூன்றாவது மீளாய்வு முடிந்தபோது நிதியம் வெளியிட்ட அறிக்கையை உங்கள் அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். 2024 டிசம்பர் இறுதிக்கான அளவு இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டன, சமூகச் செலவினத்துக்கான குறிகாட்டி இலக்கைத் தவிர என்று அதில் இருக்கிறது. வரி வருமானம் வந்தது. முதன்மை மிகை வந்தது. கையிருப்பு வந்தது. ஏழைக்குப் போக வேண்டிய பணம் மட்டும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. வோஷிங்டனிலிருந்து வந்தவர்கள் செலவழியுங்கள் என்று சொன்ன ஒரே இடத்தில் நாம் சிக்கனம் காட்டியிருக்கிறோம்!

சுட்டெண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. இந்த மண்ணிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த கூப்பன் முறையில் தலைக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து கொடுத்தார்கள். ஒரு கொத்து அரிசி எப்போதும் ஒரு கொத்து அரிசிதான். விலை ஏறினால் அந்தச் சுமை அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அதனால்தான் நிதியமைச்சர்கள் எல்லோருக்கும் அரிசி மானியம் தீராத தலைவலியாக இருந்தது. 1953இல் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது, டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அந்தப் பயம் கால் நூற்றாண்டு நீடித்தது.

1977இல் வந்த அரசாங்கம் வேறு வழி கண்டது. முதலில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கியது. பிறகு 1979 செப்டெம்பரில் அரிசியை நிறுத்திவிட்டு உணவு முத்திரையைக் கொடுத்தது. வளர்ந்த ஒருவருக்கு மாதம் 15 ரூபா. அரிசி ரூபாவாக மாறிய அந்த நாளில் விலையேற்றத்தின் சுமை திறைசேரியிலிருந்து இறங்கி ஏழையின் வீட்டு வாசலுக்குப் போனது. அடுத்த வருடம் புதிதாகப் பெயர் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். அரிசியும் மாவும் பாணும் ஏறிக்கொண்டே போயின, முத்திரையில் அச்சடித்த எண் அப்படியே இருந்தது. மூன்று வருடங்களுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அந்தக் காலத்தில் நாட்டின் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கினர் உண்ட உணவின் கலோரி அளவு குறைந்ததை அன்றைய நுகர்வு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஹர்த்தால் நடக்கவில்லை. யாரும் எதையும் வெட்டியதாக அறிவிக்கவில்லையே, எதை எதிர்த்துத் தெருவில் இறங்குவது?

நிதி அமைச்சுக்கு இதைவிட வசதியான வெட்டு இருக்க முடியாது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டாம், வர்த்தமானி வேண்டாம், அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அடுத்து வந்த ஜனசவியவுக்கும் 1995இல் வந்த சமுர்த்திக்கும் இதே கதைதான் நேர்ந்தது. சமுர்த்தியில் இன்னொரு நோயும் சேர்ந்தது. கட்சிக்காரர் பட்டியல் எழுதினார், ஆட்சி மாறினால் பட்டியலும் மாறியது. அஸ்வெசும அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடுவதும் பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புவதும் முன்னேற்றம்தான். அதன் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று கேட்பவன் நான் இல்லை.

குறைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது நான் பிறந்து வளர்ந்த மலையகத்தைப் பற்றியது. சுவர் எதனால் ஆனது என்று படிவம் கேட்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லால் வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரு காம்பராவில் (அறையில்) இருப்பவர் கல் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு காம்பராவுக்குள் தாய் தகப்பன், கலியாணம் முடித்த மகன், அவன் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை இருக்கும். படிவத்துக்கு அது ஒரு வீடு, ஒரு மின்பட்டியல். அந்தச் சுவரும் கூரையும் தோட்டக் கம்பெனியுடையவை, நிலம் அரசாங்கத்துடையது, 1992இல் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. சபை அனுப்பும் கடிதம் வீட்டு வாசலுக்கு வராது, தோட்டத்து ஒபிஸுக்கு வரும். மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதிக்கு முன்னால் அது கைக்குக் கிடைப்பது அங்கிருப்பவர்களின் மனநிலையைப் பொறுத்தது. பிரதேச செயலகத்துக்குப் போகலாம் என்றால், 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ பிரிவிலும் நுவரெலியா பிரிவிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். அங்கே தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் அன்றைக்கு இருந்தால் அதிர்ஷ்டம். நெருக்கடியின் போது தோட்டப் பகுதிகளில் பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாடு முழுவதற்கும் அது நாலில் ஒருவர்.

மலையகத்தை இங்கே இழுத்ததற்கு அனுதாபம் தேடுவது காரணமில்லை. சூத்திரம் இல்லாத தொகை ஒன்றை நம்பி வாழ்வது எப்படி இருக்கும் என்று தோட்டச் சம்பளத்தை வைத்துக் காட்டலாம், அதற்காகத்தான்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015, 2016 வாக்கில் எழுந்தது. அன்று ஆயிரம் ரூபா ஏறத்தாழ 7 டொலர். எத்தனை ஊர்வலம், எத்தனை தேர்தல் மேடை, எத்தனை கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை! சம்பள நிர்ணய சபையின் வழியாக ஆயிரம் கிடைத்தது 2021 மார்ச்சில். அப்போது அதன் பெறுமதி 5 டொலர். அடுத்த வருடம் மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே ஆயிரம் 3 டொலருக்கும் கீழே போய்விட்டது. பறித்த கொழுந்தின் தேயிலை மட்டும் டொலருக்குத்தான் ஏற்றுமதியானது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவித்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350இல் வந்து நின்றது. உங்கள் 2026 வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவும், வருகைக்காக அரசாங்கம் தரும் 200 ரூபாவும் என்றது. 200 ரூபாவை அரசாங்கமே ஏற்பது இதுவரை யாரும் செய்யாதது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த உயர்வு எப்போது, எந்தக் கணக்கில் என்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஒரு பெண் கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த தேர்தலின் போது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

தோட்டத் தொழிலாளிக்கு இன்னொரு சேமிப்பு இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதி. 2023 ஜூலை முதலாம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தது. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் நிதித்துறை ஆட்டம் காணும் என்று விட்டுவிட்டார்கள். பாரம் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதியங்கள் மேல் விழுந்தது. கையிலிருந்த முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம் கட்டு. அஸ்வெசும நடைமுறைக்கு வந்த திகதியும் அதே ஜூலை முதலாம் திகதிதான். ஒரே நாளில் ஓய்வுகாலச் சேமிப்பின் வட்டியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மறு கையால் நிவாரணம் தந்தார்கள். அன்று நீங்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தீர்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

கணக்குப் போட யாரும் புதிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை மாவட்டவாரியாக, விலைவாசிக்கு ஏற்பத் திருத்தி வெளியிடுகிறது. 2019இல் அது தலைக்கு 6,966 ரூபா. இப்போது 16,000 ரூபாவுக்கு மேல். ஆக, ஒருவர் உயிர்வாழ எவ்வளவு தேவை என்பதை அரசாங்கத்தின் ஒரு திணைக்களம் ஒவ்வொரு மாதமும் சுட்டெண்ணோடு இணைத்துச் சொல்கிறது. மறு கட்டடத்தில் இருக்கும் சபை, வறியோர் பிரிவில் உள்ள ஒரு முழுக் குடும்பத்துக்கு 10,000 ரூபா என்று எழுதி வைத்திருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு தாள் போய்வந்தால் போதும்.

நீங்கள் 2025 ஜனவரியில் 8,500ஐ 10,000 ஆகவும், 15,000ஐ 17,500 ஆகவும் உயர்த்தியதை மறக்கவில்லை. அதுமட்டுமல்ல, அஸ்வெசும தொடங்கிய பிறகு விலைவாசி பெரிதாகப் பாய்ந்துவிடவும் இல்லை. 2022 செப்டெம்பரில் 70 வீதத்தை எட்டிய பணவீக்கம், 2024 இறுதியில் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. அப்படியானால் இப்போது எதற்கு அவசரம் என்று கேட்பீர்கள். விலை அடங்கியிருக்கும்போது சுட்டெண்ணைச் சட்டத்தில் எழுதினால் திறைசேரிக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. 2022 போன்ற ஒரு வருடத்தில் போய் இதைக் கேட்டால் எந்த நிதியமைச்சரும் கையெழுத்துப் போட மாட்டார். கூரை மேய்வதற்கு வெயில் காலம்தான் ஏற்றது.

செலவு எவ்வளவு? வறியோர் 8 இலட்சம் குடும்பம், மிக வறியோர் 4 இலட்சம் குடும்பம் என்ற திட்டத்தின் ஆரம்ப எண்ணிக்கை முழுதாக நிரம்பினாலும், இன்றைய தொகையில் வருடத்துக்கு 180 பில்லியன் ரூபா. விலை 5 வீதம் ஏறினால் கூடுதலாகத் தேவைப்படுவது 9 பில்லியன். 2024இல் அரசாங்கம் கடன் வட்டிக்காக மட்டும் செலவிட்டது 2,500 பில்லியனுக்கும் மேல். வற் வரி 8 வீதத்திலிருந்து படிப்படியாக 18க்கு ஏறியதையும், 2024 ஜனவரியிலிருந்து சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் வந்ததையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். விலை ஏறும்போது அந்த 18 வீதத்தின் வழியாகத் திறைசேரிக்கு வரும் பணமும் தானாக ஏறுகிறது. அதைக் கட்டுகிறவர்களில் அஸ்வெசும குடும்பமும் ஒன்று. வரிக்குத் தானியங்கி இருக்கலாம், நிவாரணத்துக்கு இருக்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்?

தயக்கத்தின் உண்மையான காரணம் பணம் என்று நான் நம்பவில்லை. தானாக ஏறும் தொகைக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். அமைச்சர் அறிவிக்க ஒன்றும் இருக்காது, தொகுதி அமைப்பாளர் சுவரொட்டி ஒட்ட ஒன்றும் இருக்காது. இதுவரை ஆண்ட எல்லாக் கட்சிகளுக்கும் அந்தச் சுவரொட்டி தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லித்தான் 159 ஆசனங்கள் வாங்கினீர்கள். 2023 ஒக்டோபரில் ஹட்டனில் நின்று மலையக மக்களுக்காக ஒரு பிரகடனத்தையும் வெளியிட்டீர்கள். சுவரொட்டி இல்லாத அரசியலைச் செய்து காட்ட இதைவிட மலிவான வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேருங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், முந்தைய பன்னிரண்டு மாதங்களின் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் ஏறிய வீதத்தில் எல்லாப் பிரிவுகளின் தொகையும் ஏறும். சுட்டெண் இறங்கினால் தொகை இறங்காது. ஒரு காலாண்டுக்குள் உணவு விலை தாறுமாறாகப் பாய்ந்தால் ஜனவரி வரை காத்திராமல் உடனே திருத்தம். தொகையை நிறுத்திவைக்கவோ முடக்கவோ அமைச்சர் விரும்பினால் பாராளுமன்றத்தில் எழுந்து காரணம் சொல்லி வாக்கெடுப்புக் கேட்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்குமான கொடுப்பனவுகளும் இதில் அடங்க வேண்டும்.

தெரிவு முறையின் குறைகளையும், லயத்தில் ஒரு கூரைக்குக் கீழ் வாழும் மூன்று குடும்பங்களை மூன்றாக எண்ணுவதையும் பற்றித் தனியாகப் பேச நிறைய இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கெடுப்பு எப்படியும் புதிதாகச் செய்யப்பட வேண்டியதுதான். அந்த வேலை முடியும்வரை இந்தத் திருத்தம் காத்திருக்கத் தேவையில்லை.

திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வரும் நாளில் அதன் தமிழ்ப் பிரதியும் அதே நாளில் வர வேண்டும் என்றும், தோட்டங்களுக்குப் போகும் கடிதங்கள் குடும்பத் தலைவரின் பெயருக்கும் லய இலக்கத்துக்கும் நேரடியாகப் பட்டுவாடா செய்யப்பட தபால் திணைக்களத்துக்குப் பணிப்புரை வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் இரண்டாவதற்கு ஒரு சுற்றறிக்கையும் போதும்.

இப்படிக்கு,
மலையகத்திலிருந்து ஒரு வரி செலுத்துநர்